களவாய் நடப்பதும் கதையை மழுப்புவதும்: ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகள் வருகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளோடு கதைக்க ஆசைப்படும் அம்மம்மாமார் வருகிறார்கள். வெளிநாட்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியவர்களும் வருகிறார்கள். சத்தம் காட்டாமல் நடப்பதற்கும், கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்லாமல் தப்புவதற்கும் ஆங்கிலத்தில் இருக்கிற சொற்களில் இவர்கள் எல்லாரும் ஒரு நாளைக்கு வந்து முட்டுவார்கள். சிறிய அகராதிகளைப் பார்த்தால் அத்தனைக்கும் 'பதுங்கு', 'தவிர்' என்று இரண்டு பொருள்தான் இருக்கும். அந்த இரண்டை நம்பி எழுதினால் நினைத்ததற்கு எதிரான பொருள்கூட வந்துவிடும். அதனால்தான் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் ரீச்சர், ரியூசன் என்று ரகரம் போட்டு எழுதுகிறவர்கள். ஆனால் 'ஸ்டீல்' என்ற சொல்லை அப்படி எழுதப்போனால் திருமகளின் 'ஸ்ரீ' வந்து நிற்கும். ஆகவே, படிக்க வேண்டிய ஆங்கிலச் சொற்களில் மட்டும் டகரம் போட்டிருக்கிறேன்.

'களவாய்ப் போனான்' என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் எது?

பொதுவாக 'ஸ்னீக்'. ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

தமிழில் 'போனான்', 'வந்தான்' என்ற வினையை அப்படியே வைத்துக்கொண்டு, எப்படி என்பதை அதற்கு முன்னால் சேர்க்கிறோம். பதுங்கிப் பதுங்கிப் போனான், நழுவிப் போனான், அடிச்சத்தம் கேளாமல் வந்தான். ஆங்கிலம் அந்த 'எப்படி'யை வினைக்குள்ளேயே வைத்துவிடும். எங்கே என்பதற்குத்தான் பின்னால் ஒரு சின்னச் சொல் வரும். 'ஸ்னீக் அவுட்' என்றால் களவாய் வெளியே போவது, 'க்ரீப் இன்' என்றால் மெல்ல உள்ளே வருவது. 'மெல்லப் போனான்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'வென்ட் ஸ்லோலி' என்று எழுதினால், ஆறுதலாக நடந்து போனான் என்றுதான் வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். களவு அதில் இல்லை.

'எப்படி' என்பது வினைக்குள் போகும்போது இன்னொன்றும் சேர்ந்து போகிறது. போனவனைப் பற்றிச் சொல்லுகிறவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் அது. தமிழில் 'பதுங்கினான்' என்றால் நல்லவனும் பதுங்கலாம், கள்ளனும் பதுங்கலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலான சொற்கள் அந்தத் தீர்ப்பையும் கையோடு கொண்டு வருகின்றன. கீழே வருகிற எல்லாக் கேள்விகளுக்கும் இதை மனதில் வைத்திருங்கள்.

ஸ்னீக், க்ரீப், ஸ்லிப், டிப்டோ: நாலுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வீட்டை நினையுங்கள். குசினியில் பனங்காய்ப் பணியாரம் சுட்டு மூடி வைத்திருக்கிறது. மத்தியானம், எல்லாரும் படுத்திருக்கிறார்கள்.

சின்னவன் அம்மாவுக்குத் தெரியாமல் குசினிக்குள் போகிறான். இது 'ஸ்னீக்'. பிடிபட்டால் பேச்சு விழும் என்று அவனுக்குத் தெரியும். இந்தச் சொல்லில் எப்போதும் ஒரு குற்றம் ஒட்டியிருக்கும், சின்னக் குற்றமாய் இருந்தாலும். ஆங்கிலேயப் பள்ளிக்கூடப் பேச்சில் கோள்மூட்டிக்கும் 'ஸ்னீக்' என்றுதான் பெயர்.

அக்கா, தொட்டிலில் கிடக்கிற குழந்தை எழும்பிவிடக் கூடாதென்று குதிக்கால் நிலத்தில் படாமல் விறாந்தையால் நடக்கிறாள். இது 'டிப்டோ'. குற்றம் இல்லை, கரிசனைதான்.

அப்பா சந்திக்கு ஒருக்காப் போய்வர நினைத்து, ஒருவரிடமும் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு வெளியே போகிறார். இது 'ஸ்லிப் அவுட்'. இங்கேயும் குற்றம் கட்டாயம் இல்லை. ஆரவாரம் இல்லாமல், ஒருவரும் கவனிக்காமல் போனார் என்பதே பொருள். எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஆள் மெல்ல மாறிட்டார்' என்று சொல்வது இதற்கு நல்லாய்ப் பொருந்தும்.

'க்ரீப்' என்பதில் உடம்பு தாழும், வேகம் குறையும். கோடிப்புறத்தில் கோழியைப் பார்த்த பூனை வயிறு நிலத்தில் உரச முன்னேறுமே, அதுதான் 'க்ரீப்'. ஊர்ந்து படர்கிற கொடிக்கு 'க்ரீப்பர்' என்று பெயர் வந்ததும் இந்தச் சொல்லால்தான். தேங்காய் விலை கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறினால் அதையும் 'க்ரீப்பிங் அப்' என்பார்கள். ஆளைக் குறிக்கும் பெயராக மட்டும் பாவிக்காதீர்கள். ஒருவரை 'எ க்ரீப்' என்றால் அருவருக்கத்தக்க ஆள் என்று அர்த்தம்.

'ஸ்டீல்' என்றால் களவெடுப்பது அல்லவா? 'ஸ்டோல் இன்டு த ரூம்' என்றால் அறைக்குள் எதைக் களவெடுத்தான்?

ஒன்றையும் களவெடுக்கவில்லை. அறைக்குள் சத்தமில்லாமல் போனான், அவ்வளவுதான். இந்தக் கேள்வி வரும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். விடை எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது.

'ஸ்டெல்த்' என்ற சொல், ரேடாருக்குப் பிடிபடாத விமானத்தால் இன்று எல்லாருக்கும் தெரிந்த சொல். அது 'ஸ்டீல்' என்ற வினையோடு ஒரே வேரில் வந்தது. முதலில் களவு, பிறகு களவான நடை. 'ஃபேர்ட்டிவ்' என்ற சொல்லும் அப்படித்தான். இலத்தீனில் 'ஃபூர்' என்றால் கள்ளன். 'சரெப்டிஷஸ்' என்பது மறைவாய்ப் பறித்தல் என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. எங்களுக்கும் 'களவு' என்பது திருட்டு, 'களவாய்' என்பது இரகசியமாய். தொல்காப்பியம் பெற்றோர் அறியாமல் இருவர் கொள்ளும் காதலுக்குக் 'களவு' என்றே பெயர் வைத்தது. ஒன்றையொன்று அறியாத மொழிகள் ஒரே ஒழுங்கையால் நடந்து வந்திருக்கின்றன.

'ஸ்டீல் எ க்ளான்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு. மற்றவர் பாராத நேரம் பார்த்து ஒரு பார்வையை எடுத்துக்கொள்வது. பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நான் குறளைத்தான் எடுப்பேன். 'கண்களவு கொள்ளும் சிறுநோக்கம்' என்று 1092ஆம் குறள் தொடங்குகிறது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

உச்சரிப்பு இரும்புக்குச் சொல்லும் 'ஸ்டீல்' போலவேதான். எழுத்து மட்டும் வேறு. நடையைக் குறிக்கும் 'ஸ்டீல்' இப்போது பேச்சில் குறைவு, கதைகளில்தான் வரும்.

'பதுங்கியிருந்தோம்' என்பதை எப்படி எழுதுவது?

தயவுசெய்து இந்த விடையை ஆறுதலாக வாசியுங்கள். இந்தப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கியதே இந்த ஒரு கேள்வியால்தான்.

எங்கள் தலைமுறைக்கு 'பதுங்கு' என்ற சொல்லைக் கேட்டவுடன் பதுங்கு குழிதான் நினைவில் வரும். வளவுக்குள் கிடங்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர். விமானச் சத்தம் கேட்டால் சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடி இறங்கினோம். இதைப் பற்றிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். பெரியவர்கள் வாக்குமூலத்திலும் விண்ணப்பத்திலும் எழுதுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு தாயின் கடிதத்தை யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். 'நாங்கள் மூன்று நாள் பதுங்கியிருந்தோம்' என்ற வரி அதில் 'வீ வேர் லேர்க்கிங் ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்று கிடந்தது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் 'லேர்க்' என்றால் தீங்கு செய்யும் எண்ணத்தோடு மறைந்து காத்திருப்பது. மதகடியில் நின்று ஆளை வழிமறிக்கப் பார்க்கிறவன்தான் 'லேர்க்' பண்ணுவான். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குழிக்குள் இருந்த தாயைப் பற்றி அந்தச் சொல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது. வாசிக்கிற அதிகாரிக்கு அவர் யார் என்று வேறு எப்படித் தெரியும்?

ஆபத்திலிருந்து தப்பக் குழிக்குள் இறங்கினால் 'டேக் கவர்' அல்லது 'ஷெல்ட்டர்'. பிடிபடாமல் ஒளித்திருந்தால் 'ஹைட்'. பயத்தில் உடம்பைக் குறுக்கிக் குந்தியிருந்தால் 'க்ரவுச்'. நடுங்கிக்கொண்டிருந்தால் 'கவர்' என்றே இன்னொரு சொல்லும் உண்டு. எழுத்து வேறு, உச்சரிப்பில் 'க' என்பதை 'கௌ' போலச் சொல்லவேண்டும். ஆனால் அதில் கோழைத்தனம் என்ற நிழல் விழும், ஆகவே உங்களைப் பற்றி எழுதும்போது வேண்டாம். 'லேர்க்', 'ஸ்கல்க்', 'ப்ரௌல்' மூன்றையும் தொடவே வேண்டாம்.

பயணத்துக்கும் இதே எச்சரிக்கைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகால் கடந்தவர்கள் இங்கே நிறையப் பேர். வெளிச்சம் காட்டாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். அதை 'ஸ்னீக்ட் அக்ரொஸ்' என்று எழுதினால் ஏதோ தவறு செய்யப் போனவர்கள் போலத் தொனிக்கும். 'ஸ்லிப்ட் அக்ரொஸ் அட் நைட்' என்று எழுதினால் மறைவும் இருக்கும், மானமும் இருக்கும்.

சிலர் வட்ஸ்அப் குழுவில் ஒன்றும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அவர்களையும் 'லேர்க்கர்' என்கிறார்களே?

அந்த இடத்தில் மட்டும் சொல் இலேசாகிவிட்டது. குற்றம் இல்லை. நேர்வாழ்க்கையில் ஒருவரை அப்படிச் சொன்னால் கனம் திரும்பி வந்துவிடும்.

ஸ்லிங்க், ஸ்கல்க், ப்ரௌல்?

'ஸ்லிங்க்' வெட்கத்தில் நழுவுவது. பேச்சு வாங்கிய நாய் வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போகும் நடை அது. 'ஸ்கல்க்' என்பது கடமையிலிருந்து தப்பவோ கெட்ட எண்ணத்தோடோ மறைவில் திரிவது. அது ஸ்கண்டிநேவியாப் பக்கத்துச் சொல். டேனிஷ் மொழியில் 'ஸ்குல்க்க' என்றால் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒளிப்பதுதான், எங்களுடைய 'பள்ளிக்கூடக் கள்ளன்' செய்கிற வேலை. 'ப்ரௌல்' இரை தேடி இரவில் சுற்றுவது, விலங்குக்கும் கள்ளனுக்கும் பொது.

'சைடில்' என்ற சொல்லுக்குத் தமிழே இல்லை என்று ஒரு ரியூசனில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. யாழ்ப்பாணத்திலேயே அழகான சொல் இருக்கிறது. 'அரக்குதல்.' வாங்கில் இருக்கிறவரைப் பார்த்து 'கொஞ்சம் அரக்கி இருங்கோ' என்கிறோமே, அந்த அரக்குதல்தான். கலியாண வீட்டில் ஒருவர் நேரே வந்து கேட்கக் கூச்சப்பட்டு, பக்கப்பாட்டில் அரக்கி அரக்கி உங்களுக்குக் கிட்ட வந்து நின்று, காதுக்குள் 'அந்தக் காசு விஷயம்...' என்று தொடங்கினால், அவர் 'சைடில்ட் அப் டு யூ'. பக்கம் என்று பொருள்படும் 'சைட்' உள்ளே இருப்பதைப் பாருங்கள். முதலில் 'சைட்லிங்' என்று பக்கவாட்டைக் குறித்த சொல் இருந்தது. அதை வினை என்று நினைத்துப் பிற்காலத்தவர் வெட்டி எடுத்ததுதான் 'சைடில்'. 'அப் டு' கட்டாயம் சேருங்கள்.

இறந்தகாலம் 'ஸ்னீக்ட்' என்பதா, 'ஸ்னக்' என்பதா?

'ஸ்னீக்ட்' பழையது. 'ஸ்னக்' 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் தோன்றி இன்று வட அமெரிக்கா முழுவதும் இயல்பாய்ப் பேசப்படுகிறது. இங்கே பரீட்சைக்கு எழுதுகிறவர்கள் 'ஸ்னீக்ட்' என்றே எழுதுங்கள். ரொரன்ரோவில் இருக்கிற பேரன் 'ஸ்னக்' என்றால் திருத்தப் போகாதீர்கள். மற்றவை: க்ரெப்ட், ஸ்லங்க், ஸ்டோல்.

நடப்பதும் கதைப்பதும் வேறுவேறு விஷயம். ஏன் இரண்டையும் ஒன்றாய்ப் படிப்பிக்கிறீர்கள்?

சொற்கள் தாங்களாகவே ஒன்றாய் வருகின்றன. விரும்பாத கதை நடுவில் ஒரு பொருளைப் போலக் கிடக்கிறது, மனிதர் அதைத் தொடாமல் சுற்றி நடக்கிறார். 'டிப்டோ அரவுண்ட்' என்றால் குழந்தையைச் சுற்றி மட்டுமல்ல, நோகக்கூடிய கதையைச் சுற்றியும் நுனிக்காலில் நடப்பது. 'சைட்ஸ்டெப்' ஒரு காலைப் பக்கத்தில் வைத்து விலகுவது. 'ஸ்கேர்ட்' ஓரத்தால் சுற்றிப் போவது. 'டக்' தாழ்வாரத்தில் தலை இடிக்காமல் குனிவது, கேள்வி வரும்போதும் அப்படியே குனிந்துகொள்வது. தமிழிலும் நழுவுகிறோம், சுற்றி வளைக்கிறோம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று ஒருவரைச் சொன்னால் அவர் மீன் சந்தையில் நிற்க வேண்டியதில்லை.

'புசிஃபுட்' இதற்கு மிக நல்ல உதாரணம். பூனைப் பாதம். வில்லியம் ஜோன்சன் என்ற அமெரிக்கர் 1906இலிருந்து, இன்றைய ஒக்லஹோமாப் பகுதியில் சட்டவிரோத மதுவைப் பிடிக்கும் அதிகாரியாய் இருந்தார். பூனை போல வந்து பிடிப்பார் என்பதால் 'புசிஃபுட் ஜோன்சன்' என்று பெயர் வந்தது. 1919இல் மதுவிலக்கு பற்றிப் பேச லண்டன் போன இடத்தில் மாணவர் கூட்டம் கலகம் செய்ய, வீசப்பட்ட ஒரு பொருள் பட்டு அவருக்கு ஒரு கண் போனது. அவரால் அந்தப் பெயர் பிரித்தானியாவில் கொஞ்சக் காலம் மதுவிலக்குக்காரர் எல்லாருக்கும் பெயராய் இருந்தது. இன்றைக்கு 'புசிஃபுட் அரவுண்ட்' என்றால், நேரே சொல்லப் பயந்து பட்டும் படாமலும் கதைப்பது. 'ஸ்டொப் புசிஃபுட்டிங்' என்று யாராவது சொன்னால், 'விஷயத்தைச் சொல்லு' என்று அர்த்தம்.

அவொயிட், இவேட், டொட்ஜ், இலூட்: எல்லாம் 'தவிர்' தானே?

'அவொயிட்' மட்டும்தான் வெறும் 'தவிர்'. தீர்ப்பு இல்லாத சொல். வெயிலை, எண்ணெய்ப் பலகாரத்தை, ஒரு ஆளை, ஒரு கதையை என்று எதையும் 'அவொயிட்' பண்ணலாம்.

'இவேட்' செய்யவேண்டியதைச் செய்யாமல் தப்புவது. இந்த வித்தியாசம் வரிக் கணக்கில் காசாகவும் சிறையாகவும் மாறும். சட்டம் தருகிற சலுகைகளைப் பாவித்து வரியைக் குறைத்தால் 'டக்ஸ் அவொயிடன்ஸ்', அது சட்டத்துக்குள் நிற்பது. வருமானத்தை மறைத்தால் 'டக்ஸ் இவேஷன்', அது குற்றம். சிறு கடை வைத்திருக்கிற ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டுக் கொண்டுவந்து காட்டினார். அனுப்ப முதல் காட்டியதால் தப்பினார்.

'டொட்ஜ்' சட்டென்று விலகுவது. எறிந்த பந்துக்கும் பொருந்தும், கேட்ட கேள்விக்கும் பொருந்தும். பேச்சுவழக்குச் சொல், கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் தொனிக்கும்.

'இலூட்' மற்ற மூன்றிலிருந்தும் விலகி நிற்கிறது. அதன் இலத்தீன் வேருக்கு விளையாட்டு என்று பொருள். கையில் பிடிபடாமல் போக்குக் காட்டுவது. பொருளை எழுவாயாக்கியும் சொல்லலாம்: 'ஹிஸ் நேம் இலூட்ஸ் மீ'. பெயர் தொண்டைக்குள் நிற்கிறது, வாய்க்கு வருகுதில்லை.

இலக்கணத்தில் எல்லாரும் விடும் பிழை ஒன்று. 'அவொயிட் டு டோக்' வராது, 'அவொயிட் டோக்கிங்' என்றே வரவேண்டும்.

'சளாப்புதல்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'மழுப்புதல்', 'சடைதல்'?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற தபால் அதிபர். 'உங்கடை இங்கிலீசிலை சளாப்பலுக்குச் சொல் இருக்கோ?' என்றார். நிறைய இருக்கிறது.

காரியம் முடியவில்லை, அதை ஒத்துக்கொள்ளாமல் ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறார்: இது சளாப்பல். இதற்கு 'ப்ரிவரிக்கேட்' நன்றாய்ப் பொருந்தும். இலத்தீனில் கால் வளைய நடப்பது என்ற பொருளில் இருந்து வந்த சொல் அது. உரோமாபுரி நீதிமன்றத்தில், வழக்குத் தொடுத்தவர் எதிராளியோடு களவாய்ச் சேர்ந்து வழக்கை வளைப்பதற்கும் அந்தச் சொல்லே நின்றது. பேச்சில் இவ்வளவு பெரிய சொல் வேண்டாம் என்றால் 'ஹீ இஸ் டொட்ஜிங் த க்வெஸ்ச்சன்' போதும்.

இரண்டு பக்கமும் பொருள் வருகிற மாதிரிச் சொல்லி மழுப்பினால் 'இக்விவொக்கேட்'. சமமான குரல் என்று அதன் வேர் சொல்லும். ஒரு பிள்ளை கேட்டாள்: 'அப்ப காளமேகப் புலவரின் சிலேடையும் இதுதானே, ரீச்சர்?' நல்ல கேள்வி, ஆனால் இல்லை. சிலேடை பாடுகிறவர் கேட்பவர் இரண்டு பொருளையும் பிடித்து மகிழவேண்டும் என்று பாடுகிறார். 'இக்விவொக்கேட்' பண்ணுகிறவர் ஒன்றையும் நீங்கள் பிடிக்கக்கூடாது என்று நினைக்கிறார்.

ஒரு கதை கிளம்பும்போதே அதை அமர்த்தி, வேறு பக்கம் திருப்பிச் சடைந்துவிட்டால் 'டிஃப்ளெக்ட்' அல்லது 'சேஞ்ச் த சப்ஜெக்ட்'. பிழையைப் பூசி மெழுகினால் 'க்ளொஸ் ஓவர்'. 'க்ளொஸ்' என்றால் மினுக்கம். சாணி போட்டு மெழுகிய நிலத்தில் வெடிப்புத் தெரியாதது போல என்று சொன்னால் அம்மம்மாமார் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

'வீசல் வேர்ட்ஸ்' என்பதையும் படித்துவையுங்கள், செய்தி வாசிக்கும்போது உதவும். வீசல் என்பது கீரியைப் போன்ற மெலிந்த விலங்கு. முட்டையின் கோது உடையாமல் உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும் என்று ஒரு நம்பிக்கை. 'இயன்றவரை', 'சொல்லப்படுகிறது', 'தேவைப்படின்' போன்ற சொற்கள் வாக்குறுதியின் உள்ளீட்டை உறிஞ்சிவிட்டுக் கோதை மட்டும் விடும்.

'பீட் அரவுண்ட் த புஷ்' என்பதும் 'ஹெட்ஜ்' என்பதும் ஒன்றா? இரண்டிலும் பற்றைதானே?

பற்றை ஒன்றுதான், வேலை வேறு. முதலாவது வேட்டையில் வந்தது. பறவை ஒளித்திருக்கிற பற்றையைச் சுற்றித் தட்டிக் கலைப்பார்கள், பிடிக்கிற வேலை பிறகுதான். தட்டிக்கொண்டே இருந்து பிடிக்காமல் விட்டால் சுற்றி வளைத்துக் கதைப்பது. நாங்கள் எல்லாரும் கடன் கேட்கும்போது செய்வது.

'ஹெட்ஜ்' உயிர்வேலி. எங்கள் கதியால் வேலியை நினையுங்கள்: பூவரசும் கிளுவையும் வரிசையாய் நட்டது. விடை சொல்லும்போது 'அநேகமாக', 'பார்க்கலாம்', 'எனக்குத் தெரிந்த அளவில்' என்று சுற்றிவரக் கதியால் நட்டுக்கொண்டு, பிழைத்தால் ஒளிய இடம் வைத்துக்கொள்வதுதான் 'ஹெட்ஜிங்'. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் இதைக் கெட்ட சொல்லாய் எடுக்கவேண்டாம். ஆராய்ச்சிக் கட்டுரையில் அளவான 'ஹெட்ஜிங்' நேர்மைதான், தெரிந்ததற்கு மேல் அடித்துச் சொல்லாமல் இருப்பது.

வேலிக்கு மேல் குந்தியிருந்தால் 'சிட் ஒன் த ஃபென்ஸ்'. எங்களுடைய மதில்மேல் பூனை.

'ஸ்டோன்வோல்'?

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிட வேலை. சென். ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் விளையாடுகிற வடக்கின் சமரில், கடைசி நாள் கடைசி நேரம், தோல்வியைத் தவிர்க்க ஒருவர் ஓட்டமே எடுக்காமல் ஒவ்வொரு பந்தையும் தட்டிக்கொண்டு நிற்பார். அவர் ஒரு கற்சுவர். கேள்வி கேட்கக் கேட்க ஒன்றும் சொல்லாமல், ஒத்துழைக்காமல் இழுத்தடிப்பவரும் அப்படியே. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் விடைக்கு அலைந்தவர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

நேரே விடை சொல்லாதது எப்போதும் பிழையா? ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லும் குற்றம் சொல்லுகிற மாதிரி இருக்கிறதே.

பிழை இல்லை. எங்கள் இலக்கணம் அதைப் பிழையாய்ப் பார்க்கவும் இல்லை. நன்னூல் விடைகளை எட்டாய் வகுத்தது. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரான விடை. மற்ற ஐந்தும் சுற்றி வருகிற விடை, அவற்றையும் விடை என்றே ஏற்றுக்கொண்டது. 'இதைச் செய்வாயா?' என்று கேட்டால் 'நீயே செய்' என்பது ஏவல். 'செய்யாமல் இருப்பேனா?' என்பது வினா எதிர் வினாதல். 'கை நோகிறது' என்பது உற்றது உரைத்தல், 'கை நோகும்' என்பது உறுவது கூறல். 'மற்றதைச் செய்கிறேன்' என்பது இனமொழி. கடைசியாய்ச் சொன்னதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

மரியாதைக்காகச் சுற்றுவதும் இருக்கிறது. வெளிக்கிட்டுப் போகிறவரை 'எங்கே' என்று கேட்டால் சகுனம் சரியில்லை என்று 'துலைக்கோ?' என்கிறோம். செத்தவீட்டில் எடுக்கக் கூடாத கதையை எடுக்காமல் விடுகிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'டொட்ஜ்', 'இவேட்' வேண்டாம். 'ஷீ டக்ட்ஃபுலி அவொயிடட் த சப்ஜெக்ட்' என்று எழுதுங்கள், இங்கிதமாய்த் தவிர்த்தார் என்று விளங்கும். 'ஸ்டீயர் கிளியர் ஒஃப்' என்பதும் நல்லது. படகை விலத்திச் செலுத்துவது போல.

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சம்பளம், கலியாணம் எல்லாம் கேட்கிறார்கள். கோபப்படுத்தாமல் எப்படித் தவிர்ப்பது?

'ஐ'ட் ராதர் நொட் டோக் அபவுட் தட்' என்று சொல்லுங்கள். தமிழில் 'அதைக் கதைக்க விருப்பமில்லை' என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் இது மரியாதையான வசனம். சிரித்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. பொய்க் காரணம் சொல்லத் தேவையில்லை. 'நோ கொமென்ட்' மட்டும் வேண்டாம், அது பத்திரிகைக்காரரிடம் அரசியல்வாதி சொல்வது.

பேத்தி தொலைபேசியில் 'அம்மம்மா, யூ ஆர் டொட்ஜிங் மை க்வெஸ்ச்சன்' என்கிறாள். என்னைப் பேசுகிறாளா?

இல்லை. 'டொட்ஜிங்' பிள்ளைகள் செல்லமாயும் சொல்லுகிற சொல். 'இவேடிங்' என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

பேத்தி கேட்டது பங்கர் காலத்தைப் பற்றி என்று அந்த அம்மா பிறகு சொன்னார். அப்போது சொல்ல மனம் வரவில்லையாம், சோறு சாப்பிட்டாயோ என்று கேட்டுக் கதையை மாற்றிவிட்டாராம். அப்படியான நேரத்துக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன்: 'நொட் டுடே, செல்லம். ஐ'ல் டெல் யூ அனதர் டே.' மறுப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து வகுப்பு முடிந்த பிறகு அவர் மட்டும் நின்றார். 'டேக் கவர்' என்பதை இறந்தகாலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். 'வீ டுக் கவர்' என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.